உண்டியலுக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயமா?



பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டு முடிச்சுட்டு நிதானமா படிங்க. ஆலயம் சம்பந்தப்பட்டதுதான், ஆனா பூஜை பற்றியது இல்லை. பாஸ்வேர்ட் பற்றியது. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

நம்ம ஆலயங்களில் உண்டியல் திறக்கும் முறை எல்லாருக்கும் தெரியும். ஒரே ஆள் போய்த் திறந்துவிட முடியாது. இரண்டு பூட்டு இருக்கும், சில இடங்களில் மூன்று. ஒரு சாவி தலைவரிடம், இன்னொன்று பொருளாளரிடம். நாள் குறித்து, நாலு பேர் முன்னால் திறந்து, எண்ணி, எழுதி, கையெழுத்துப் போடுவோம். காசோலையும் அப்படித்தான். ஒருத்தர் கையெழுத்தில் பணம் வெளியே போகாது. இதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. "என்னை நம்பலையா?" என்று எந்தப் பொருளாளரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. முறை என்றால் முறை.

இப்போது அதே ஆலய அலுவலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பாருங்க. பல இடங்களில் பாஸ்வேர்ட் திரையிலேயே ஒட்டியிருக்கும். அல்லது ஒரே ஒரு தம்பிக்குத்தான் தெரியும். அல்லது வாட்சாப் குழுவில் மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்டது இன்னமும் அப்படியே இருக்கும். உறுப்பினர் பதிவு, உபயக்காரர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, கேமரா பதிவு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கு. உண்டியலில் விழுவது ஒரு வாரத்துக் காணிக்கை. கம்ப்யூட்டரில் இருப்பது நம்ம சனங்களோட மொத்த விவரம். சின்னதுக்கு மூன்று பூட்டு, பெரியதுக்கு ஒரு ஒட்டுத்தாள். இது என்ன நியாயம்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய சாவி எந்த மனிதரின் ஞாபகத்திலும் இருக்கக் கூடாது. அது ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். தேவைப்படுபவர் கேட்டு, எழுதி வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தந்ததும் பூட்டே மாறிவிட வேண்டும். பெரிய நிறுவனங்களில் இதை இயந்திரமே செய்கிறது. நாம் நம்ம அளவுக்குச் செய்யலாம். யார் மீதும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. நேர்மையாக உழைக்கிறவர் தலையில் நாளைக்குப் பழி விழக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பெரிய சாவி என்றால் என்ன?

கம்ப்யூட்டர் உலகில் எல்லாப் பாஸ்வேர்டும் ஒன்று கிடையாது. கோயிலுக்குள் எல்லாரும் வரலாம், மண்டபத்தில் உட்காரலாம், பிரசாதம் வாங்கலாம். ஆனால் மடப்பள்ளிக்குள் சிலர்தான் போவார்கள். நகை அறைக்குள் இன்னும் சிலர். கருவறைக்குள் குருக்கள் மட்டும்தான்.

அதே மாதிரி நீங்களும் நானும் பயன்படுத்துவது சாதாரணக் கணக்கு. நம்ம பாஸ்வேர்ட் போனால் நம்ம விவரம் போகும், அவ்வளவுதான். ஆனால் 'அட்மின்' கணக்கு என்று ஒன்று இருக்கு. அதை வைத்திருப்பவர் எந்தக் கதவையும் திறக்கலாம், புதுக் கதவு வைக்கலாம், மற்றவர்களின் சாவியை மாற்றலாம், வந்து போன தடயத்தையும் அழிக்கலாம். நான் பெரிய சாவி என்று சொல்வது இதைத்தான்.

அதிலும் ஒரு வகை இருக்கு, வெளியில் பலருக்குத் தெரியாது. சில கணக்குகளை மனிதர் பயன்படுத்துவதே இல்லை. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளோடு பேசுவதற்காக உருவாக்கி வைப்பார்கள். இதைச் சேவைக் கணக்கு என்பார்கள். யாரும் தினமும் தொடுவதில்லை என்பதால் யாரும் கவனிப்பதும் இல்லை. வைத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார், பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும். பின்பக்கத்தில் பல வருஷமாகப் பூட்டாமல் கிடக்கும் மடப்பள்ளிக் கதவு மாதிரி. திருடன் ராஜகோபுரம் வழியாக வரமாட்டான். அந்தக் கதவைத்தான் தேடுவான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்தது

இது எங்கேயோ அமெரிக்காவில் நடக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். நம்ம ஆட்களில் எத்தனை பேர் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து அங்கே வேலைக்குப் போகிறார்கள்! அங்கே 2018-ல் நடந்தது இது.

சிங்ஹெல்த் என்பது சிங்கப்பூரின் பெரிய மருத்துவமனைக் குழுமம். அதன் தகவல் தளத்துக்குள் ஊடுருவி, சுமார் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை எடுத்துப் போனார்கள். அவர்களில் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரத்தைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார்கள். 2018 ஜூலை 20-ஆம் தேதி அரசு இதை வெளியே அறிவித்தது.

பிறகு விசாரணைக் குழு போட்டார்கள். 2019 ஜனவரியில் அறிக்கை வந்தது. அதைப் படித்தால் நம்ம வயிறு கலங்கும். ஊடுருவியவர்கள் 2017 ஆகஸ்ட்டிலேயே உள்ளே கால் வைத்துவிட்டார்கள். தகவலை எடுத்தது 2018 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 4 வரை. நடுவில் பத்து மாதம் உள்ளேயே இருந்து சாவி சேகரித்திருக்கிறார்கள்.

அவர்கள் கையில் கிடைத்த சாவிகளில் ஒன்று ஓர் அட்மின் கணக்கு. அதன் பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? 'பாஸ்வேர்ட்' என்ற அதே ஆங்கிலச் சொல்தான். நடுவில் ஓர் எழுத்துக்குப் பதில் மின்னஞ்சலில் வருகிற அந்தச் சுருள் குறி, இன்னோர் எழுத்துக்குப் பதில் ஒரு சுழியம். அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளை கூட ஊகித்துவிடும். இன்னொரு சாவி, நான் மேலே சொன்ன சேவைக் கணக்கு. அட்மின்களுக்கு இரண்டாவது சரிபார்ப்பு முறை வைத்திருந்தார்கள். ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழியும் திறந்திருந்தது. முன்வாசலில் இரட்டைப் பூட்டு, பக்கத்துச் சந்தில் திறந்த கதவு.

ஒரு நல்ல விஷயமும் நடந்தது. ஜூலை 4-ஆம் தேதி, தகவல் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஊழியர் வழக்கத்துக்கு மாறான தேடல்களைக் கவனித்து நிறுத்தினார். அவர் கண்ணில் படாமல் இருந்திருந்தால் இன்னும் போயிருக்கும். ஒரு மனிதரின் விழிப்பு காப்பாற்றியது உண்மை. ஆனால் நாட்டின் பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒரு மனிதரின் கண்ணை மட்டும் நம்பி இருக்கலாமா என்பதுதான் கேள்வி.

விசாரணைக் குழு 16 பரிந்துரைகளைச் சொன்னது. அவற்றில் 7 முக்கியமானவை என்று பிரித்து வைத்தார்கள். அந்த ஏழில் ஒன்று, அட்மின் கணக்குகளை இறுக்கமாகக் கட்டுப்படுத்தி அதிகம் கண்காணிக்க வேண்டும் என்பது. அபராதமும் சின்னதல்ல. கணினிகளை நிர்வகித்த நிறுவனத்துக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி, சிங்ஹெல்த்துக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி.

இயந்திரம் என்ன செய்கிறது?

பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே மென்பொருள் இருக்கு. நம்ம பாஷையில் சொன்னால் அது ஒரு டிஜிட்டல் நகைப்பெட்டி, கூடவே கண்ணும் காதும் உள்ள ஒரு பெரிய மணியக்காரர்.

திருவிழா அன்று சுவாமிக்கு நகை சாத்துவதை நினைச்சுப் பாருங்க. நகை அறை திறக்கணும் என்றால் காரணம் சொல்லணும். பொறுப்பாளர் சம்மதம் வேணும். எத்தனை ஆரம், எத்தனை பவுன் என்று எழுதி வெளியே எடுப்பாங்க. அலங்காரம் கலைந்ததும் திரும்ப எண்ணி உள்ளே வைப்பாங்க. பேரேட்டில் யார் எடுத்தார், எப்போது வைத்தார் எல்லாம் இருக்கும்.

அந்த மென்பொருளும் இதையேதான் செய்கிறது. முதலில் நிறுவனம் முழுக்கத் தேடி, எங்கெங்கே அட்மின் கணக்கு இருக்கு என்று பட்டியல் போடும். மறந்துபோன கதவெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பிறகு எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டிய பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும். வேலை செய்ய வேண்டிய பொறியாளர் காரணம் சொல்லிக் கேட்பார். மேலாளர் சம்மதிப்பார். ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ சாவி தரப்படும். பல இடங்களில் பாஸ்வேர்டைக் கண்ணில் கூடக் காட்டாது, நேராகக் கதவை மட்டும் திறந்துவிடும். உள்ளே அவர் செய்வதெல்லாம் பதிவாகும். நேரம் முடிந்ததும் கதவு மூடும்.

நகைப்பெட்டியில் இல்லாத ஒரு வசதி இதில் இருக்கு. வேலை முடிந்த மறுநிமிஷம் இயந்திரமே பாஸ்வேர்டை மாற்றிவிடும். நீளமான, அர்த்தமே இல்லாத, யாருக்கும் தெரியாத ஒன்றாக. நேற்று சாவி வாங்கியவர் அதை எழுதி வைத்திருந்தாலும் இன்று அது செல்லாத காசு.

சிங்ஹெல்த் கதையோடு சேர்த்துப் பாருங்க. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உள்ள அட்மின் பாஸ்வேர்டைத் தனித்தனியாகத் தானே மாற்றிவிடும் கருவியை மைக்ரோசாப்ட் 2015-லேயே இலவசமாகக் கொடுத்துவிட்டது. வழக்கமான அமைப்பில் 14 எழுத்து, 30 நாளுக்கு ஒரு தடவை மாறும். 2023-லிருந்து அது விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. இப்படி ஒன்று ஓடும் இடத்தில் அந்த மாதிரி சிரிப்புப் பாஸ்வேர்ட் ஒரு மாதம் கூடத் தாங்காது.

நாமே மாற்றிக்கொண்டால் போதாதா?

சில அண்ணன்மார் கேட்பாங்க: "மாதம் ஒரு தடவை நாமே மாத்திக்கிட்டா போதுமே தம்பி, எதுக்கு மெஷின்?"

போதாதுண்ணே. மனிதரிடம் மாதாமாதம் மாற்றச் சொன்னால் என்ன செய்வார்? ஜனவரியில் முருகா1, பிப்ரவரியில் முருகா2, மார்ச்சில் முருகா3. இது நம்ம ஊர் பழக்கம் மட்டுமல்ல, உலகம் முழுக்க இப்படித்தான். அமெரிக்காவின் தரக்கட்டுப்பாட்டு நிறுவனமான நிஸ்ட், 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில், காரணமில்லாமல் காலம் வைத்துப் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஆட்களை வற்புறுத்த வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. பாஸ்வேர்ட் களவு போனது தெரிந்தால் உடனே மாற்றணும், மற்றபடி ஆளை விரட்ட வேண்டாம் என்பதுதான் அதன் சாரம்.

அப்படியென்றால் மாற்றுவதே தப்பா? இல்லை. மனிதர் ஞாபகம் வைக்க வேண்டிய பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றினால் அது பலவீனமாகும். மனிதர் ஞாபகமே வைக்கத் தேவையில்லாத பாஸ்வேர்டை மணிக்கு ஒரு தடவை மாற்றினாலும் யாருக்கும் கஷ்டமில்லை. இயந்திரத்துக்கு மறதி கிடையாது, சோம்பல் கிடையாது, பிள்ளையின் பிறந்த நாளை வைக்கணும் என்கிற ஆசையும் கிடையாது.

ஒன்று சொல்லட்டுமா? பாஸ்வேர்டில் சுவாமி பெயர் வைப்பது நம்ம சனத்துக்கு ரொம்பப் பிடிக்கும். முருகன் நம்மைக் காப்பாற்றுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முருகன்123 காப்பாற்றாது.

"என்னை நம்பலையா?"

இதுதான் பெரிய தடை. பணம்கூட இல்லை. வருஷக்கணக்கில் சம்பளம் வாங்காமல் ஓடியாடி உழைத்த ஒருத்தரிடம் போய், "அண்ணே, இனிமே பாஸ்வேர்ட் பெட்டிக்குள்ள இருக்கும், கேட்டு வாங்கணும்" என்றால் மனசு வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனா ஒரு கதை கேளுங்க.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகராட்சியில் டெர்ரி சைல்ட்ஸ் என்று ஒரு பொறியாளர். நகரத்தின் கணினி வலையமைப்பைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர். கெட்டிக்காரர். ஆனால் பெரிய சாவி அவர் ஒருத்தரிடம் மட்டுமே இருந்தது. 2008 ஜூலையில் மேலதிகாரிகள் கேட்டபோது தர மறுத்தார். அவர்களுக்குத் தகுதி இல்லை, கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். கைது செய்தார்கள். சிறையிலும் தரவில்லை. கடைசியில் மேயர் கேவின் நியூசம் நேரில் சிறைக்குப் போய்த்தான் வாங்கி வந்தார். 2010-ல் அவருக்கு நாலு வருஷச் சிறைத் தண்டனை.

கவனிங்க. அவர் திருடவில்லை. அத்தனை நாளும் வலையமைப்பு நிற்கவும் இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. "நான் கட்டியது, நான்தான் காப்பேன்" என்கிற பாசம் அது. அதுவே அவரைச் சிறையில் கொண்டுபோய்த் தள்ளியது. அவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே மனிதரிடம் எல்லாச் சாவியும் சேர விட்ட நிர்வாகத்துக்கும் அதில் பங்கு உண்டு. முறை என்று ஒன்று முதலிலேயே இருந்திருந்தால் அவர் வேலையோடு வீட்டில் இருந்திருப்பார்.

நம்ம பக்கம் பாருங்க. ஆண்டுக் கூட்டம் முடிந்து புது நிர்வாகம் வரும். ஆலயத்தின் முகநூல் பக்கம் பழைய நிர்வாகத்தில் இருந்த ஒருத்தரின் சொந்தக் கணக்கில் இருக்கும். மனஸ்தாபம் இருந்தால் அது திரும்பி வராது. புதுப் பக்கம் திறப்பாங்க. பழைய பக்கத்தில் பத்து வருஷத்துக் கும்பாபிஷேகப் படம், தேர்ப் படம் எல்லாம் அநாதையாகக் கிடக்கும். பக்தர்களுக்கு எது உண்மையான பக்கம் என்றே தெரியாது. இந்தக் குழப்பத்தில் நன்கொடை கேட்டு ஒருவன் போலிப் பக்கம் திறந்தால் யார் பொறுப்பு? எந்த ஆலயம் என்று கேட்காதீங்க. படிக்கிற உங்களில் பலருக்கு உங்க ஊர் ஞாபகம் வந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பணமோ தகவலோ ஏதாவது காணாமல் போனால் முதல் விரல் யாரை நோக்கி நீளும்? பாஸ்வேர்ட் தெரிந்த அந்த ஒருத்தரை நோக்கித்தான். அவர் பாவம், தூங்கிக்கொண்டு இருந்திருப்பார். "நான் இல்லை" என்று நிரூபிக்க அவரிடம் எந்த ஆதாரமும் இருக்காது. பேரேடு இருந்தால் அந்த நேரத்தில் சாவி யார் கையில் இருந்தது என்று பேரேடே சொல்லும். உண்டியலின் இரண்டாவது பூட்டு திருடனுக்காகப் போட்டது மட்டுமல்ல. பொருளாளரின் நல்ல பெயருக்காகவும் போட்டது. நம்ம பெரியவங்க இதைக் கம்ப்யூட்டர் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே புரிந்து வைத்திருந்தாங்க.

பெட்டிக்கும் பூட்டு வேணும்

இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். எல்லாச் சாவியையும் ஒரே பெட்டியில் வைத்தால், அந்தப் பெட்டியின் சாவி?

நம்ம தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு இந்த வகைப் பெட்டி மென்பொருளை உலகம் முழுக்க விற்கிறது. தமிழராகப் பெருமைப்படலாம். ஆனால் 2022-ல் அந்த மென்பொருளில் ஓர் ஓட்டை தெரிய வந்தது. ஜூன் மாதமே அதை அடைக்கும் திருத்தத்தை நிறுவனம் வெளியிட்டுவிட்டது. ஆனாலும் தாக்குகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று செப்டம்பரில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்க வேண்டி வந்தது. திருத்தம் வந்தால் மட்டும் போதாது, வாங்கியவர்களும் அதைப் போட வேண்டும். அதே செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் நுழைந்தான். பெட்டியின் சாவியே ஒரு கோப்பில் எழுதிக் கிடந்தது என்று அவனே சொன்னதாகச் செய்திகள் வந்தன. வீட்டைப் பூட்டி, சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்த கதை.

அடுத்தது மாற்றுச் சாவி. இதற்கு ஒரு கோயிலையே உதாரணம் சொல்லலாம். ஒடிசா மாநிலம் பூரி ஜகந்நாதர் கோயிலின் பொக்கிஷ அறை, ரத்ன பண்டார். 2018 ஏப்ரலில் ஆய்வுக்குப் போன குழு உள் அறையைத் திறக்க முடியாமல் திரும்பியது. சாவியைக் காணோம். ஜூன் மாதம், மாற்றுச் சாவி என்று எழுதிய ஓர் உறை மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் கிடைத்தது. பெரிய சர்ச்சை, விசாரணைக் குழு, அரசியல் எல்லாம் நடந்தது. 2024 ஜூலை 14-ஆம் தேதி, அறையைத் திறக்கப் போனார்கள். கையில் இருந்த சாவிகள் பொருந்தவில்லை. பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். அதற்கு முன் அங்கே முழுக் கணக்கு எடுத்தது 1978-ல்.

மாற்றுச் சாவி இருக்கு என்று ஏட்டில் இருந்தது. ஆனால் அது பூட்டைத் திறக்குமா என்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பெரிய நிறுவனங்களிலும் இதே வியாதி உண்டு. பெட்டியே பழுதானால் திறக்க அவசரச் சாவி வைத்திருப்பார்கள். ஆனால் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆபத்து வருகிற அன்றைக்குத்தான் அது செல்லாது என்று தெரியும்.

நம்ம ஆலயத்துக்கு இது எதுக்கு?

செடெனாக், நூசாஜெயா பக்கம் டேட்டா சென்டர்கள் வரிசையாக வருவதை ஜொகூர்க்காரங்க எல்லாரும் பார்க்கிறோம். நம்ம பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போறாங்க. மேலே சொன்ன முறையெல்லாம் அவங்களுக்குப் புதுசு இல்லை. 2024 ஆகஸ்ட் 26 முதல் நம்ம நாட்டில் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 நடப்பில் இருக்கு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் திருத்தம் வந்து, தகவல் கசிந்தால் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கு. இந்தச் சட்டங்கள் பெரிய நிறுவனங்களையும் வணிகத்தையும் மனசில் வைத்து எழுதியவை. ஆனால் தன் நட்சத்திரம், பிள்ளையின் பெயர், வீட்டு முகவரி எல்லாம் அர்ச்சனைச் சீட்டில் நம்பி எழுதித் தரும் அம்மாவுக்குச் சட்டமா முக்கியம்? அவர் கோயில் என்று நம்பித் தருகிறார். சட்டம் கேட்பதற்கு முன்னால் நாமே செய்துவிட்டால் அழகு.

பெரிய மென்பொருள் நமக்கு வேண்டாம், விலையும் கட்டுப்படியாகாது. ஆனால் அதன் முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். நான் பரிந்துரைப்பது இதுதான்:

1. முதலில் கணக்கு எடுங்க. மின்னஞ்சல், முகநூல் பக்கம், யூடியூப் நேரலை, வங்கி, கியூ.ஆர். நன்கொடை, கேமரா, வைஃபை, உறுப்பினர் பதிவு. ஒவ்வொன்றுக்கும் சாவி யாரிடம் இருக்கு என்று ஒரு தாளில் எழுதுங்க. இதைச் செய்தாலே பாதி அதிர்ச்சி வந்துவிடும்.

2. எல்லாமே ஆலயத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலில் இருக்கணும். தனி மனிதர் மின்னஞ்சலில் வேண்டாம். முகநூல் பக்கத்துக்கு முழு அதிகாரம் உள்ளவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்கணும். இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்க.

3. பாஸ்வேர்டை ஞாபகத்திலும் வாட்சாப்பிலும் வைக்காதீங்க. கீபாஸ், பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்ட் பெட்டிச் செயலிகளை இலவசமாகவே பயன்படுத்தலாம். நீளமான பாஸ்வேர்டை அதுவே உருவாக்கித் தரும். அர்ச்சனைச் சீட்டு பதியும் தம்பிக்கு அட்மின் சாவி தேவையில்லை, அவர் வேலைக்கான கணக்கு மட்டும் போதும்.

4. கேமராவோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்க. 2016 அக்டோபரில் உலகின் பெரிய இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கியதற்குக் காரணம், தொழிற்சாலை பாஸ்வேர்டோடு கிடந்த சாதாரணக் கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும்தான். அவற்றைப் பிடித்து ஒரு படையாகத் திருப்பிவிட்டார்கள்.

5. வங்கியில் ஒருத்தர் பதிய, இன்னொருத்தர் ஒப்புதல் தரும் முறையைக் கேட்டு வாங்குங்க. காசோலையில் இரண்டு கையெழுத்து, இணைய வங்கியில் ஒரே விரல் என்றால் காசோலை விதிக்கே அர்த்தம் இல்லை.

6. திருவிழாவுக்கு மட்டும் உதவ வந்தவர்களுக்குத் தந்த சாவியை விழா முடிந்த மறுநாளே மாற்றுங்க. நிர்வாகம் மாறும்போது எல்லாவற்றையும் மாற்றி, கூட்டக் குறிப்பில் எழுதுங்க. பீரோ சாவி ஒப்படைப்பதை எழுதுகிறோம் இல்லையா, அதே மாதிரி.

7. அவசரச் சாவியை ஓர் உறையில் வைத்து, முத்திரை போட்டு, இரும்புப் பெட்டியில் வைங்க. வருஷம் ஒரு தடவை இரண்டு பேர் முன்னால் பிரித்து, உண்மையிலேயே திறக்குதா என்று பாருங்க. பிறகு மாற்றி மறுபடி முத்திரை போடுங்க. பூரிக்கு வந்த நிலை நமக்கு வேண்டாம்.

"இவ்வளவும் யாருண்ணே செய்யறது, ஆளே இல்லை" என்பீங்க. முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில் இளைஞர் பிரிவில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்தால் பட்டியல் தயார். அதன் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு மணி நேரம்.

"ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டு வாங்கினா வேலை தாமதமாகுமே" என்பதும் நியாயமான கேள்விதான். கொஞ்சம் தாமதமாகும். உண்டியல் எண்ணவும்தான் தாமதமாகுது. ஒரே ஆள் எண்ணினால் சீக்கிரம் முடியும். அதற்காக யாராவது அப்படிச் செய்கிறோமா? சிங்ஹெல்த் விசாரணையிலும் ஒரு விஷயம் வெளியே வந்தது. தகவல் தளத்துக்குப் போகும் ஓர் இணைப்பை வேலை வசதிக்காகவே திறந்து வைத்திருந்தார்கள். தாக்கியவர்களுக்கும் அது வசதியாகப் போனது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை வாசித்து முடித்ததும், உங்க ஆலயத்தில் யாராவது ஒருத்தர் எழுந்து மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஐயா, நம்ம ஆலயத்தின் பெரிய சாவிகள் எத்தனை, அவை யார் பொறுப்பில் இருக்கு, கடைசியாக எப்போது மாற்றினீங்க?" யாரையும் குற்றம் சொல்லும் தொனியில் கேட்க வேண்டாம். உண்டியல் கணக்கு கேட்பது போலக் கேளுங்க. பதில் இருந்தால் கை தட்டுங்க. பதில் இல்லையென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு நீங்களே பெயர் கொடுங்க.

உங்க ஆலயத்தில் ஏற்கெனவே நல்ல முறை இருந்தால் கீழே எழுதுங்க, மற்றவர்களும் கற்றுக்கொள்ளட்டும். ஆனா தயவுசெய்து பாஸ்வேர்டை மட்டும் கீழே எழுதிடாதீங்க!

எல்லாம் வல்ல இறைவன் அருளால் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.